அந்த இரண்டாவது ஆள் நான்தான்

வண்டி வாங்குவதைப் பற்றி நம் ஊரில் யாரிடம் யோசனை கேட்டாலும் இரண்டு கேள்விகள் வரும். "எவ்வளவு குடுக்குது?" என்பது முதல் கேள்வி. அது மைலேஜ். பெட்ரோல் விற்கிற விலைக்கு அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "நாளைக்கு வித்தா என்ன போகும்?" என்பது இரண்டாவது. இந்தக் கேள்விதான் பல வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. வண்டி இன்னும் ஷோரூமை விட்டு வெளியே வரவில்லை, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, அதற்குள் அதை விற்கும் விலையைப் பேசுகிறோம். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து ஜீவனாம்சக் கணக்குப் போடுவது மாதிரி.

இந்தக் கேள்விக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நிற்கிறார். ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ கழித்து இந்த வண்டியை வாங்கப்போகும் ஆள். அவருக்கு வெள்ளை நிறம்தான் பிடிக்கும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மிஞ்சிப் போனால் சில்வர். மஞ்சள் வண்டியா, ஐயோ, அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஸ்லைடிங் கதவு வைத்த வண்டி அவருக்கு ஆகாது. டிக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு இன்னும் சந்தோஷம். இப்படிப் பார்த்துப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவருடைய ரசனைக்காக நம் பணத்தைக் கொட்டி, நமக்கே முழுசாகப் பிடிக்காத ஒரு வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எட்டிப் பார்த்தாலும் ஒரே நிறத்தில் ஒரே நாலைந்து மாடல்கள் நிற்பதற்கு வேறு என்ன காரணம்?

எனக்கு இதில் ஒரு சொந்தக் குறை உண்டு. அந்த இரண்டாவது ஆள் நான்தான். நான் இதுவரை ஷோரூமில் வண்டி எடுத்ததில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை. எனக்காக என்று சொல்லித்தான் ஊரே வெள்ளைக் கார் வாங்குகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டவர்கள் யாரும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: எனக்கு உயரமான கூரை வேண்டும், தாழ்வான தரை வேண்டும், சீட்டைக் கழற்றி வைத்தால் பிரிட்ஜ் ஏற வேண்டும். நிறம் மஞ்சளாக இருந்தால் ரொம்ப சந்தோஷம்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஊரே விரும்பும் ஒரு ஹேட்ச்பேக்கை, அதாவது டிக்கி நீட்டாத சின்னக் காரை, பழசாக நாலரை லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு மூன்று லட்சத்துக்கு விற்கிறீர்கள். நல்ல ரீசேல்தான். ஆனால் ஒன்றரை லட்சம் போய்விட்டது. யாரும் சீண்டாத ஒரு வண்டியை இரண்டு லட்சத்துக்கு வாங்கி, அதே ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு ஐம்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டாலும் போனது அதே ஒன்றரை லட்சம்தான். நடுவில் இரண்டரை லட்சம் பேங்கில் கிடந்திருக்கும். விழ வேண்டிய விலையெல்லாம் முதல் ஓனர் கையில் இருக்கும்போதே விழுந்துவிட்டது. இனி விழுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரீசேலைச் சதவீதத்தில் பேசுகிறவர்கள் ரூபாயில் பேச ஆரம்பித்தால் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

ஒரே உடம்பு, இரண்டு ஜாதகம்

மாருதி வெர்சா என்ற வேனை ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் வந்தது. அமிதாப் பச்சனும் அபிஷேக்கும் விளம்பரத்தில் நடித்தார்கள். மாருதியின் எஸ்டீம் காரில் இருந்த அதே குடும்பத்து 1.3 லிட்டர், 16 வால்வு இன்ஜின். விலை கூடின மாடலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஏசி. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. ஆனால் டிக்கி நீட்டிய ஒரு செடான் காரின் விலையைச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்கோ அது பெரிய ஆம்னியாகத்தான் தெரிந்தது. ஆம்னி என்றால் நம் மனதில் என்ன வரும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள், சமையல் கான்ட்ராக்டரின் அண்டா, அப்புறம் சினிமாவில் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போகும் ரவுடிகள். செடான் விலை கொடுத்து அதில் ஏறி மாமனார் வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வரவில்லை.

2010 ஜனவரியில் மாருதி அதே உடம்பை எடுத்து, அலங்காரங்களைக் கழற்றிவிட்டு, 1.2 லிட்டர் இன்ஜின் வைத்து, மூன்று லட்சத்துக்குள் ஆரம்ப விலை வைத்து ஈக்கோ என்று விட்டது. 2023-ல் பத்து லட்சமாவது ஈக்கோ விற்றதாக அறிவித்தார்கள். அதே பெட்டி உருவம், அதே ஸ்லைடிங் கதவு, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்ஜினின் அதே சூடு. ஒன்பது வருஷத்தில் உருவத்தின் மேல் மக்களுக்குத் திடீர்க் காதல் வந்துவிடவில்லை. இது உழைக்கிற வண்டி என்று சொல்லி, உழைக்கிற வண்டியின் விலைக்குக் கொடுத்தார்கள், வாங்கினார்கள். குறை உருவத்தில் இல்லை. யாருக்கான வண்டி என்று சொன்னதில்தான் இருந்தது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பழைய வண்டிச் சந்தையில் பாதிக் கதவு திறந்த மாதிரி. ஏனென்றால் செகண்ட் ஹேண்டில் வரும்போது விளம்பரமும் கிடையாது, ஷோரூம் விலையும் கிடையாது. எஸ்டீமுக்கும் ஜிப்ஸிக்கும் பார்த்த மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடக்கூடிய இன்ஜினும், எட்டுப் பேர் உட்காரும் இடமும்தான் மிச்சம்.

டாடா நானோவுக்கும் இதே விதிதான், இன்னும் கொடுமையாக. 2008-ல் டெல்லியில் அதைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு "விலை குறைந்த கார்" என்ற முத்திரையே அதைக் கவிழ்த்தது. அப்படிச் சொல்லி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒத்துக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவர் தன் வாழ்க்கையில் ஒரு படி ஏறுகிறார்; ஏறும்போதே "இது ஏழைகளின் கார்" என்றால் யார் ஏறுவார்? ஆனால் வண்டியைக் கிட்டே போய்ப் பாருங்கள். 624 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் பின் சீட்டுக்கு அடியில். முன்பக்க மூடியைத் திறந்தால் ஸ்டெப்னியும் பெட்ரோல் ஊற்றும் இடமும். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. முன் டயரைவிடப் பின் டயர் அகலம். நீளம் 3.1 மீட்டர்தான், ஆனால் ஆறடி ஆள் தலைப்பாகையோடு உட்காரலாம். கும்பகோணம் கடைத்தெரு மாதிரி ஒரு இடத்தில் ஆட்டோ திரும்புகிற சந்தில் திரும்பும். ஆரம்பத்தில் வந்தவற்றில் திறக்கும் டிக்கிக் கதவே கிடையாது. பெட்டி வைக்க வேண்டுமானால் சீட்டை மடித்து உள்ளே இருந்துதான் தள்ள வேண்டும். இதை வடிவமைத்தவர்கள் நாலணாவுக்குக்கூட யோசித்திருக்கிறார்கள். அந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு அழகு இருக்கிறது, எனக்கு.

ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2014-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் நானோவுக்குப் பூஜ்ஜிய நட்சத்திரம். 2016-ல் ஈக்கோவுக்கும் அதுதான். வினோத வண்டிகள் மேல் எனக்குள்ள பிரியம் இந்த இடத்தில் நின்றுவிடும். நானோ காய்கறிக்கடைக்கும் டியூஷனுக்கும். அதை எடுத்துக்கொண்டு நாற்கர சாலையில் ஆம்னி பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன்.

ஸ்டூல்

இதெல்லாம் எனக்கு வெகுநாள் வரை ஒரு பொழுதுபோக்குக் கருத்தாகத்தான் இருந்தது. சிலருக்குப் பழைய ரேடியோ, எனக்கு விலைபோகாத வண்டி. ஒரு கல்யாணத்தில் பார்த்த காட்சி அதைப் பிடிவாதமாக மாற்றிவிட்டது.

மண்டப வாசலில் பெரியம்மா மகனின் (எனக்குத் தம்பி) புது எஸ்யூவி நின்றது. இருபது லட்சத்துக்கு மேல். பின்னால் போனால் கதவு தானாகத் திறக்கும், மேலே பார்த்தால் வானம் தெரியும். ஊருக்குக் கிளம்பும் நேரம். பெரியம்மாவை ஏற்ற வேண்டும். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. டிரைவர் பின்பக்கம் போய், சீர்ப்பலகாரத் தூக்குகளையும் தாம்பூலப் பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து, அடியிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை உருவினார். எனக்கு முதலில் புரியவில்லை. அதைக் கொண்டுவந்து பின்சீட்டுக் கதவுக்குக் கீழே போட்டார். வாசலில் ஜல்லி பரப்பியிருந்ததால் ஸ்டூல் ஆடியது. தம்பி தன் ஷூ காலால் அதன் ஒரு காலை மிதித்துப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். பெரியம்மா மேலே இருந்த கைப்பிடியைத் தேடித் துழாவி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இடது காலை ஸ்டூலில் வைத்து, ஏற முடியாமல் மறுபடி இறக்கினார். வாசலில் இருந்த சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வண்டி வாங்குனவன் ஒரு ஏணியும் சேத்து வாங்கியிருக்கலாம்டா."

எல்லோரும் சிரித்தோம். தம்பியும் சிரித்தான், ஆனால் அவன் முகம் சின்னதாகிவிட்டது. நல்ல பையன். அம்மாவுக்காகத்தான் பெரிய வண்டி எடுத்தான். அதன் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன், எத்தனை பெரிய வண்டிகளின் டிக்கியில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது என்று. ஆஸ்பத்திரி வாசலில் பாருங்கள், கோயில் பார்க்கிங்கில் பாருங்கள். தரையிலிருந்து உயரமாக இருப்பதுதான் வண்டியின் கௌரவம் என்று நமக்குச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் முட்டி வலிக்காரர்கள் இரண்டு பேர் இருக்கும் ஒரு நாட்டில், காட்டாறு கடக்கும் உயரத்தில் வண்டி வாங்கி, அதில் ஏற ஸ்டூல் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

பெரியம்மா அன்றைக்கு என் வண்டியில்தான் வந்தார். என்னுடையது நிசான் எவாலியா, பழசாக வாங்கியது. சென்னைக்குப் பக்கத்தில், நம் ஒரகடத்தில் செய்த வண்டி. 2012-ல் வந்தது, அதே வருஷம் வந்த மாருதி எர்டிகாவின் முன்னால் நிற்க முடியாமல் சில வருஷத்தில் சத்தமில்லாமல் காணாமல் போனது. அதையே அசோக் லேலண்டும் ஸ்டைல் என்ற பெயரில் 2013-ல் விற்றுப் பார்த்து, 2015-ல் கைவிட்டது. "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். வெளிநாட்டில் இதன் பெயர் என்வி200. இதையே 2011-ல் நியூயார்க் நகரம் தன் மஞ்சள் டாக்ஸியாகத் தேர்ந்தெடுத்தது. மன்ஹாட்டனுக்குச் சரிப்பட்டது மன்னார்குடிக்குக் கௌரவக் குறைவாகிவிட்டது.

முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் அடியில் பின்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்ட் கிடையாது. அதனால் தரையைத் தாழ்வாகவும் மட்டமாகவும் வைக்க முடிந்திருக்கிறது. கதவைப் பின்னால் தள்ளினேன். பெரியம்மா வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, திண்ணையில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொண்டார். யாரும் பிடிக்கவில்லை. கதவு பக்கவாட்டில் ஓடுவதால், நெருக்கி நின்ற அடுத்த வண்டியின் மேல் இடிக்குமோ என்ற பயமும் இல்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஒரு நல்ல வேனைச் செய்தவர்கள் இதையெல்லாம் முன்பே யோசித்து முடித்துவிட்டார்கள்.

பெருமையை மட்டும் சொன்னால் எப்படி? எவாலியா முதலில் வந்தபோது நடுவரிசை ஜன்னல் திறக்கவே திறக்காது. மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் ஒரு சமூகத்துக்குத் திறக்காத ஜன்னலோடு குடும்ப வண்டி விற்க வந்தார்கள்! பிறகு வந்தவற்றில் தள்ளித் திறக்கும் சின்னக் கண்ணாடி வைத்தார்கள். பழசு தேடுகிறவர்கள் அதைப் பார்த்து எடுக்க வேண்டும். பின்னால் லீஃப் ஸ்பிரிங், லாரியில் இருக்கிற மாதிரி பட்டை. ஆள் ஏறாத வண்டி வேகத்தடையில் தூக்கிப்போடும், ஏழு பேர் ஏறினால் அடங்கிவிடும். அதனால் நான் தனியாகப் போகும்போது ஸ்கூட்டரில் போய்விடுகிறேன்.

இன்ஜினுக்குச் சொந்தபந்தம் வேண்டும்

"ஸ்பேர் கிடைக்காதே?" என்பது அடுத்த மிரட்டல். இதற்கு எனக்கு ஒரு விதி இருக்கிறது: வண்டி அநாதையாக இருக்கலாம், இன்ஜினுக்குச் சொந்தபந்தம் இருக்க வேண்டும். எவாலியாவில் இருப்பது கே9கே என்ற 1.5 லிட்டர் டீசல். அதேதான் ரெனோ டஸ்டரில், நிசானின் டெரானோவில், சன்னியில், மைக்ராவில், மஹிந்திரா வெரிட்டோவில். ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் தேடி அலைய வேண்டியதில்லை. இதே கணக்கில்தான் ஃபியட் புன்டோவும் லீனியாவும் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றின் 1.3 லிட்டர் டீசலைத்தான் ஸ்விஃப்ட், டிசைர், ரிட்ஸ், விஸ்டா என்று பாதி நாடு ஓட்டியது. கம்பெனி நாட்டை விட்டுப் போனாலும் இன்ஜின் போகவில்லை. ஒரே ஒரு மாடலில் மட்டும் வந்து அதோடு நின்றுபோன இன்ஜின் என்றால், விலை எவ்வளவு கம்மியாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

உண்மையில் திண்டாட்டம் வேறு இடத்தில். கண்ணாடி, பம்பர், ஹெட்லைட், கதவு ரோலர் — இந்த வண்டிக்கென்றே செய்த சாமான்கள். இவற்றுக்குச் சென்னையின் பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டைதான் கதி, கோவைக்காரர்களுக்கு உக்கடம். ஸ்லைடிங் கதவின் உயிர் அதன் ரோலரில் இருக்கிறது. தண்டவாளத்தில் மண் சேர்ந்தால் கதவு கரகரவென்று முனகும். அப்போதே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து லேசாக கிரீஸ் வைத்தால் போதும். விட்டுவிட்டால் ரோலர் தேய்ந்து, கதவு ஒரு நூல் இறங்கி, மூடும்போது லாக்கில் போய் உட்காராது. வாங்கப் போகும்போது இரண்டு பக்கக் கதவையும் ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

கே9கே எடுப்பவர்கள் டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் ரப்பர் பட்டை) எப்போது மாற்றியது என்று கேட்க வேண்டும். "வண்டி ஓடவே இல்ல சார், டாக்டர் வண்டி" என்று புரோக்கர் சொல்வார். (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் டாக்டர் வண்டிகளை எண்ணினால் அத்தனை டாக்டர்கள் இருக்க மாட்டார்கள்.) ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், வாங்கின விலையில் பாதி ஒரே நாளில் போய்விடும். கி.மீ. மீட்டரை நான் பார்ப்பதே இல்லை. கிளட்ச் பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங் தோலையும்தான் பார்ப்பேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். இருபதாயிரம் கி.மீ. ஓடியதாகச் சொல்லும் வண்டியில் மூன்றாவது செட் டயர் ஏன் கிடக்கிறது என்று கேட்டால் புரோக்கருக்கு அவசரமாக ஒரு போன் வரும்.

சென்னைப் பதிவு என்றால் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்ப்பேன், கடைசி முழம் வரை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை, 2023 மிக்ஜாம் புயலில் மூழ்கியவை எல்லாம் காணாமல் போய்விடவில்லை; பாலிஷ் போட்டுக்கொண்டு வேறு மாவட்டத்துக்கு வந்திருக்கின்றன. சீட் கவரை மாற்றுவார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள். பெல்ட் சுருளின் உள்பக்கத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே ஒரு செம்மண் கோடு இருந்தால் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரிந்துவிடும்.

என் மெக்கானிக் அண்ணனுக்கு ஆரம்பத்தில் என் எவாலியா மேல் நம்பிக்கை இல்லை. "தம்பி, பேசாம எல்லாரும் வாங்குறத வாங்கிட்டுப் போங்களேன்" என்றார். பானெட்டைத் திறந்து டஸ்டர் இன்ஜினைப் பார்த்ததும் குரல் மாறியது. இப்போது அவரே சீட்டைக் கழற்றச் சொல்லி, லேத்துக்குப் போகும் கியர் பாக்ஸுகளை என் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். ஆனாலும் தன் மருமகனுக்கு வெள்ளை ஹேட்ச்பேக்தான் பார்த்துக் கொடுத்தார். கேட்டால், "மருமகன்னா ரீசேல் பாக்கணும்ல" என்கிறார்.

அடுத்து என் கண் மஹிந்திரா மராஸோ மேல் இருக்கிறது. 2018-ல் வந்தது. லாரி மாதிரி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் உடம்பை உட்கார வைத்த வண்டி, ஆனால் முன்சக்கரம் இழுக்கிறது. இந்த ஜோடி வெகு அபூர்வம். கூரையிலிருந்து ஏசி காற்று வருகிறது. குளோபல் என்கேப்பில் நாலு நட்சத்திரம் வாங்கியது, அதனால் இதை நாற்கர சாலைக்கும் எடுத்துப் போகலாம். அதன் 1.5 லிட்டர் டீசலுக்கு எக்ஸ்யூவி300 வழியில் நிறைய சொந்தபந்தம். கதவு மட்டும் சாதாரணக் கதவு, அது ஒரு குறைதான். விற்பனை படுத்துவிட்டது, கம்பெனியும் நிறுத்திவிட்டது. அதை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நீல நிற வண்டி. ரீசேல் இல்லாத வண்டியை வாங்கிவிட்டேனே என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புகிறார். நானும் ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.